கடைசித் துண்டை யார் எடுப்பது

மகனே,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. நீ கேட்ட கேள்வி அதற்கு முன்பே போனில் வந்துவிட்டது. பெட்டிக்கு உடனே நன்றி சொல்ல முடிந்தது, கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பிஜியில் இந்த நமாகா வீட்டை விற்றுவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு, உங்களோடு ஸ்வீடனில், கோதன்பர்க்கிலேயே வந்து இருந்துவிடுங்கள் என்கிறாய். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, எனக்குக் கண்ணில் புரை, தெருவில் நம்மவர் என்று சொல்ல ஆள் இல்லை, இன்னும் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குப் போனில் பதில் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சரே நான்தான், என் மாணவர்களின் தரம் எனக்குத் தெரியாதா? மெதுவாக வாசிக்கப்படுவது ஒரு கடிதத்துக்கு நல்லதுதான். தடுக்கிற இடத்தில் என் பேத்தி மீனாவைக் கூப்பிட்டுக்கொள்.

முதலில் பெட்டி. உள்ளே இருந்த ரொட்டி ஓர் ஓரம்கூட உடையாமல் வந்திருந்தது. தபால்காரரின் கவனம் என்று நினைத்தேன். கடித்துப் பார்த்தபோதுதான் அது ரொட்டியின் குணம் என்று புரிந்தது. பாதி வருஷம் தரையில் எதுவும் முளைக்காத நாட்டில், பலகை மாதிரி ரொட்டி சுட்டு, நடுவில் ஓட்டை போட்டு, கழியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டுச் சாப்பிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது அதையே மற்ற நாட்டுக்காரர்கள் உடம்பு இளைக்கக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேறு வழியில்லாமல் ஒருவன் தின்றதை, நாலு தலைமுறை கழித்து அடுத்த ஊர்க்காரன் ஆசைப்பட்டுத் தின்பதைத்தான் கலாச்சாரம் என்கிறார்கள் போலும். நம் மரவள்ளிக்கிழங்குக்கும் அந்தக் காலம் வரும். நாம் பொறுமையாக இருக்க வேண்டும்.

மீன்முட்டையை அரைத்துப் பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்து விற்பார்கள் என்று மட்டும் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அப்பா அதைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அரே, நானும் பாத்தேன், இன்னாடா நுரையே வரலியேன்னு. உப்பு பேஸ்ட்டு பல்லுக்கு நல்லதுன்னு டிவில சொல்றானே, அதான் இதுன்னு வெச்சிக்கினேன்" என்றார். இப்போது அது அவித்த முட்டையின்மேல் பிதுக்கப்படுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்வீடன் நம் குடும்பத்துக்குள் மாலினோடு வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மனைவி வருவதற்கு வெகு முன்பே அது வந்துவிட்டது. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து முதல் கலகம் நடந்தபோது நீ சின்னப் பையன். லவுத்தோக்காவுக்கு வெளியே குத்தகை நிலத்தில் கரும்போடு இருந்தோம். உன் பெரியப்பா பாத்திரங்களை நமக்கும் மாட்டைப் பக்கத்து நிலத்துக்காரருக்கும் கொடுத்துவிட்டு சிட்னிக்குப் போனார். முதல் புகைப்படம் வந்தது. பெரியப்பா, பெரியம்மா, பின்னால் ஒரு வெள்ளைப் புத்தக அலமாரி. அதில் புத்தகம் இல்லை. பித்தளைப் பிள்ளையாரும் பிளாஸ்டிக் பூவும் இருந்தன. பிறகு கனடாவுக்குப் போன என் தங்கையின் புகைப்படம் வந்தது. அதே அலமாரி. பெரியம்மா அதை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்துவிட்டாரோ என்றுகூட யோசித்தேன். அதற்குப் பின் போனவர்கள் எல்லாருடைய பிள்ளையாரும் அந்த அலமாரியிலேதான் குடியேறினார். விசாரித்தால், நீலமும் மஞ்சளும் அடித்த ஒரு ஸ்வீடன் கடையில் பலகை பலகையாக வாங்கி வந்து வீட்டில் திருகு முடுக்கிக்கொள்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேயே குடும்பத்தோடு போய்ச் சாப்பாடாம்.

"இறைச்சி உருண்ட, உருளக்கெழங்கு, பக்கத்துல ஜாமு. சஸ்தாதான், வெல ரொம்பக் கம்மி" என்று பெரியப்பா போனில் சொன்னார். "உள்ள போனா நம்ம பிஜி ஆளு பாதிப் பேரு அங்கதான் சுத்திக்கினு இருக்கான்."

"கறிக்கு ஜாமா?" என்றார் உன் அப்பா.

"மொதல்ல எனக்கும் ஒருமாதிரிதான் இருந்திச்சு. இப்ப ஜாமு இல்லாம எறங்க மாட்டேங்குதுடா."

நாட்டைப் பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்தக் கடைக்காரரிடம் கமிஷன் கேட்டிருப்பார்கள். அந்த உருண்டைகூட ஸ்வீடன்காரர்களின் சொந்தச் சரக்கு இல்லை என்று பின்னால் படித்தேன். போரில் தோற்றுத் துருக்கியில் ஒதுங்கியிருந்த அவர்களுடைய ராஜா ஒருவர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது என்று ஒரு கதை. உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடித்திருக்கிறது. அகதியாய்ப் போனவர் கொண்டுவந்த சாப்பாட்டை, அகதியாய்ப் போனவர்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள்.

இரண்டாயிரத்தில் மறுபடி கலகம் வந்தபோது உனக்கு விவரம் தெரியும். குத்தகை முடிந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டு, நாம் நமாகாவுக்கு வந்த புதிது. அப்பா ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டினார். நீ கடற்கரை ஓட்டலில் சமையல் பழகிக்கொண்டிருந்தாய். தலைநகர் சுவாவில், இந்திய வம்சத்துப் பிரதமர் வேண்டாம் என்று துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள் என்று ரேடியோ சொன்னதும், இந்த மண்ணின் பூர்வகுடியான பக்கத்து வீட்டு மேரே ஒரு பாயையும் பின்னல் வேலையையும் எடுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் உட்கார்ந்தாள். அவள் பேசியது நாம் எல்லாரும் பேசும் பிஜி ஹிந்தி, கடிதம் தமிழில் என்பதால் 'தீதி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தமிழாக்குகிறேன். "எவன் வந்தாலும் மொதல்ல எங்கூடப் பேசட்டும், தீதி" என்றாள். யாரும் வரவில்லை. மேரே ஒரு ஸ்வெட்டரை முடித்தாள். இந்த வெயிலில் அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது மீனா போட்டுக்கொள்கிறாள்.

அந்த வாரம்தான் உன் அப்பாவின் டாக்சியில் மாலின் ஏறினாள். எல்லா டாக்சியும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் பறக்க, ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்த ஒரே சவாரி அவள். அப்பா நல்ல மனிதர், எச்சரித்திருக்கிறார்: "மேடம், இங்கே கலகம் நடக்கிறது." அவள் கேட்டாளாம்: "எந்தப் பக்கம்?" "அந்தப் பக்கம், சுவாவில். மலைக்கு அப்பால்." "ஓட்டல் எந்தப் பக்கம்?" "இந்தப் பக்கம்." "அப்படியானால் போகலாம். எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது." வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "பயித்தியமா, இல்ல கவர்மெண்டு ஆளான்னு தெரியல" என்றார். அவள் ஸ்வீடன் அரசாங்கத்தில்தான் வேலை பார்த்தாள் என்பது பிறகு தெரிந்தது. உன் அப்பாவுக்கு மனிதர்களைக் கணிக்கத் தெரியும்.

விருந்தாளி ஒருத்தி, வேலைக்காரர்கள் ஓட்டல் நிறைய. அவளுக்குப் பொழுது போகாமல் சமையலறைக்கு வந்து உனக்குப் பட்டைத்தூள் பன் செய்யக் கற்றுக்கொடுத்த கதையை நீ மீனாவுக்கு நீட்டி நீட்டிச் சொல்வாய். உனக்குத் தெரியாத பாகத்தை நான் சொல்கிறேன். நீ ஓட்டல் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பன்னை அப்பா பிட்டு முகர்ந்து பார்த்து, "தே, பாயசத்துக்குப் போடற ஏலக்காய இதுல போட்டிருக்கா" என்றார். ஏலக்காய் விளைகிற ஊரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் நம்முடையது. பண்டிகைக்கு மட்டும் நாலு காய் தட்டிப் போடுவோம். ஏலக்காய்ச் செடியைக் கண்ணால் காணாத ஒரு நாடு அதைத் தினமும் ரொட்டியில் அள்ளிப் போடுகிறது. அதைத் தின்றபடியே நான் சம்மதித்துவிட்டேன். பெண்ணைப் பார்த்தது அதற்கப்புறம். நீ என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது நான் யோசிப்பது போல ஜன்னலைப் பார்த்தேன் அல்லவா, அது அம்மாக்கள் செய்ய வேண்டிய முறை என்பதற்காக.

கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தியம்மா நம் அடுப்படியில் நின்று அந்தப் பன்னைச் சுட்டது உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் எல்லாரும் தேநீரோடு உட்கார்ந்தோம். தட்டு சுற்றிச் சுற்றி வந்து ஒரே ஒரு பன் மிஞ்சியது. சம்பந்தியம்மா அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கணவர் யோரன் அந்தப் பாதியைப் பாதியாக்கினார். பிறகு மாலின். கடைசியில் ஒரு பாக்கு அளவுத் துண்டு தட்டின் நடுவில் இருந்தது. அதை யாரும் பார்க்காமல் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். உன் அப்பா வெகு நேரம் பொறுத்தார். "இதுக்கு மேல கத்தி எறங்காது" என்று சொல்லி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. மேசைக்கு அடியில் நீ உதைத்தாய்.

"இன்னாடா ஒதைக்கற?"

"அப்பா, அத யாரும் எடுக்கக்கூடாது."

"அப்ப எதுக்கு வெச்சிக்கினு பாத்துக்கினு இருந்தாங்க?"

சம்பந்தியம்மா மறுபடி மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் அந்தக் கல்யாணத்தில் குற்றம் நம் பக்கம் மட்டும் இருந்திருக்கும். யோரன் தன் மாப்பிள்ளை வீட்டுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மத்தியானச் சோற்றுச் சட்டியில் நான் வழக்கம்போல விட்டுவைத்திருந்த ஒரு பிடிச் சோற்றைச் சுரண்டி நாய்க்குப் போட்டுவிட்டு, சட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். நம் வீட்டில் சட்டியை ஒருநாளும் காலி செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் அது கவிழ்ந்து கிடக்கிறது. மேரேதான் முதலில் பார்த்தாள். "ஓய்லே! தீதி, சட்டியக் கவுத்துட்டாரு!"

நான் ஓடிப்போய் நிமிர்த்தி ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டேன். யோரன் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: யாராவது பசியோடு வந்து நின்றால் இல்லை என்று சொல்லாமல் இருக்க ஒரு பிடி வேண்டும், சட்டி காலி என்று சட்டிக்கே தெரியக்கூடாது. அவர் துணியை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். அவர்கள் எதையுமே நெடுநேரம் யோசிப்பவர்கள். பிறகு, "எங்கள் கடைசித் துண்டும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எங்களிடம் யாரும் காரணம் சொன்னதில்லை" என்றார். சட்டிக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். பன்னுக்காக நான் கேட்டேன். இரண்டும் நேராகிவிட்டது. ஜாதகம் பார்க்காமல் கட்டிவைக்கிறாயே என்று மறுநாள் கோயிலில் நாலு பேர் கேட்டார்கள். பொருத்தம் முந்தைய நாளே அடுப்படியில் பார்த்தாகிவிட்டது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது, சிரித்துவைத்தேன்.

அதனால், மகனே, அந்த நாட்டைப் பற்றி உலகம் இப்போது மெச்சிக்கொள்வதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஆச்சரியம் வருவதில்லை. வேலையை நடுவில் நிறுத்திவிட்டு நாலு பேர் காபியும் பன்னுமாக உட்காருவது மேலான வாழ்க்கைமுறை என்று எழுதுகிறார்கள். உன் அப்பா டாக்சி ஸ்டாண்டில் நாலு பேரோடு நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தபோது அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். எதிலும் போதுமான அளவோடு நிற்பது எப்படி என்று அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லும் புத்தகம் ஒன்றை ஏர்போர்ட் கடையில் பார்த்தேன். விலை போதுமான அளவில் நிற்கவில்லை, வைத்துவிட்டேன். நீ அங்கே வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பில் யாருக்கும் தெரியாமல் சீரகம் தாளித்துக் கொட்டி, பிள்ளைகள் இரண்டாம் தடவை வந்து நின்ற கதையைச் சொன்னாயே, அது எந்தப் புத்தகத்திலும் வராது. உன் மேலதிகாரி கோபித்துக்கொண்டார், பிறகு அடுத்த வியாழனும் தாளிக்கச் சொன்னார். ஒரு நாட்டின் சாப்பாடு இப்படித்தான் உண்டாகிறது. நாளைக்கு எவனாவது அது ராஜா கொண்டுவந்தது என்பான். நீ மறுக்காதே. நீ உருட்டும் உருண்டையில் என்ன இறைச்சி என்று அப்பா கேட்டார், கோழி என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவும் இல்லை. நீயும் அப்படியே வைத்துக்கொள்.

மீனா பிறந்த வருஷம் இங்கே ராணுவம் மறுபடி ஆட்சியை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தவர்களும் பெட்டி கட்டினார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுத்த வகுப்பில் உட்காரப் பிள்ளை இல்லை. அங்கேயோ, வீட்டு மொழி தமிழ் என்று நீ ஒரு வார்த்தை சொன்னதும், ஸ்வீடன் சர்க்கார் சம்பளம் கொடுத்து யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவரை மீனாவின் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புகிறது. நீ சொன்னது பொய். உன் வீட்டு மொழி பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ், மீதி மாலினோடு சண்டை போடும்போது மட்டும் வரும் ஸ்வீடிஷ். ஆனாலும் நல்ல பொய். போன வருஷம் மீனா வந்தபோது சாப்பிட்டு எழுந்து என்னைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு நன்றி, அப்பம்மா" என்றாள். அவர்கள் நாட்டு வழக்கம், யாழ்ப்பாணத்து வார்த்தை, நமாகா மேசை. உன் அப்பா கையில் சோற்றோடு அவளையே பார்த்தார். அத்தனை வருஷத்தில் என் சமையலுக்கு அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, இன்னொரு கரண்டி கேட்டதுதான். அன்று எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "நன்றி" என்றார். அன்றைக்குப் பார்த்து நான் குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். நீ மாலினுக்கு இதைத் தினமும் சொல். உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இனி உன் கேள்வி. பெட்டியில் இருந்த, பன்மேல் தூவும் முத்துச் சர்க்கரையை வைத்து நேற்று நானே பன் சுட்டேன். மேரே வந்தாள். தேநீர் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீ கேட்டதை அவளிடமும் சொன்னேன்.

"வித்துட்டுப் போய்ட்டா, அங்க நமக்கு ஒத்துக்கலன்னா திரும்பி வர எடம் ஏது?" என்றார் அப்பா. "ஓட்டல்ல ரூம் எடுக்கறதா? விக்காம போனா, புள்ள மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடும். நீ இன்னா சொல்ற?"

"நீங்க சொல்லுங்க."

"மொதல்ல நா கேட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டா," என்றாள் மேரே, "சாப்பாட்டு நேரத்துல நான் கதவுல நின்னு யாரப் பாத்து 'மாய் கானா'ன்னு கூப்புடறது? நாயவா? அதுக்கு ஏற்கெனவே தொப்ப."

வா, சாப்பிடு என்று அவள் தெருவைப் பார்த்துக் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க இப்போது நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். மூன்று பேரும் தட்டைப் பார்த்தோம். ஒரே ஒரு பன் இருந்தது. மழையைப் பற்றிப் பேசலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒருகாலத்தில் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட அதே மனிதர் கத்தியை எடுத்தார். பன்னைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அவ்ளோதான். பாதி அங்க, பாதி இங்க. அவங்க ஊருல செய்யறதுதானே."

"இது சரி," என்றாள் மேரே. மீதியைப் பாதியாக்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டாள்.

ஆக, வீட்டை விற்கவில்லை. உங்கள் வெயில் காலத்தில் நாங்கள் அங்கே வருகிறோம். உங்கள் ஊர் இருட்டத் தொடங்கும்போது இங்கே திரும்பிவிடுவோம். வருஷத்தில் பாதி உன்னுடையது. விசா கொடுப்பவர்கள் மூன்று மாதம்தான் என்றால், பாதியை இன்னொரு தடவை வெட்டியதாக நினைத்துக்கொள். உன் மாமியார் வீட்டு வழக்கம்தானே, உனக்குப் பழகியிருக்கும். நாங்கள் இல்லாதபோது சாவி மேரேயிடம் இருக்கும். அவளுக்கு இந்தத் தடவை பாய் தேவைப்படாது, உள்ளேயே நாற்காலி இருக்கிறது. எங்களை முழுசாகக் கேட்டாய், பாதிதான் தருகிறோமே என்று வருத்தப்படாதே. நான் வருத்தப்படவில்லை. இந்த வயதில் இரண்டு வீட்டில் நமக்காகத் தட்டு வைத்திருக்கிறார்கள் என்பது கலகம் செய்தவர்கள் யாரும் திட்டமிட்டுக் கொடுத்தது இல்லை, ஆனாலும் கிடைத்துவிட்டது.

வந்ததும் உன் அடுப்படியில் நான்தான் சோறு வடிப்பேன். சட்டியில் ஒரு பிடி விட்டுவைப்பேன். யோரனிடம் இப்போதே சொல்லிவை.

உன் அம்மா